கயிற்றை விடும் நேரம்

(ஆனேக்கலில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



2010ஆம் ஆண்டு மே 6. இங்கிலாந்தில் பொதுத்தேர்தல், வாக்குப்பதிவு நாள். காலையில் நார்த்தாம்டன்ஷயரில் ஹின்டன் என்ற சின்னஞ்சிறு விமானத்தளத்திலிருந்து ஒற்றை இன்ஜின் விமானம் ஒன்று கிளம்புகிறது. போலந்தில் தயாரான வில்கா 35ஏ. உள்ளே விமானி ஒருவர். பக்கத்தில் நைஜல் ஃபராஜ், யூகிப் கட்சியின் வேட்பாளர். பக்கிங்ஹாம் தொகுதியில் நாடாளுமன்ற சபாநாயகரையே எதிர்த்து நிற்கிறார். வாக்குச்சாவடிக்குப் போகிறவர்கள் அண்ணாந்து பார்க்கும்படி, நாட்டுக்காக வாக்களியுங்கள், யூகிப்புக்கு வாக்களியுங்கள் என்று எழுதிய நீளமான பேனரை விமானத்தின் வாலில் கட்டி வானத்தில் இழுத்துப் போவது திட்டம்.

அந்தப் பேனர் வாலுக்குப் பின்னால் சீராக நீளவில்லை. வாலிலேயே சுற்றிக்கொண்டது. விமானத்தின் மூக்கை ஏற்றவும் இறக்கவும் உதவும் தகடு வால் பகுதியில் இருக்கிறது, அதற்கு எலிவேட்டர் என்று பெயர். பேனர் போய்ச் சிக்கியது அங்கேதான். விமானி ரேடியோவில் ஆபத்தை அறிவித்தார், தளத்துக்குத் திரும்பி இறக்கப் பார்த்தார். தரை நெருங்கும் நேரத்தில் மூக்கு கீழே குத்தியது, விமானம் புல்வெளியில் மோதி நொறுங்கியது. முகத்தில் ரத்தம் வழிய, நசுங்கிய விமானத்துக்குள் ஃபராஜ் சிக்கியிருக்கும் புகைப்படம் மறுநாள் பத்திரிகைகளில் வந்தது. இருவரும் உயிர் பிழைத்தார்கள். ஃபராஜுக்கு விலா எலும்புகளும் மார்பெலும்பும் முறிந்தன, நுரையீரல் பாதிக்கப்பட்டது. தேர்தலில் அவருக்கு மூன்றாம் இடம். ஆறு ஆண்டுகள் கழித்து, ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் வெளியேற வேண்டும் என்று வாக்கெடுப்பில் வென்ற அணியின் முகங்களில் ஒருவராக அவர் நின்றார்.

அந்த விமானியைப் பற்றி உலகம் அவ்வளவாகப் பேசவில்லை. அவருக்குப் பலத்த காயம். அதன்பிறகு தொழில் போயிற்று, மனம் உடைந்தது. ஃபராஜையும் விபத்தை விசாரித்த அதிகாரியையும் கொல்வதாக மிரட்டிய வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. 2013இல் இறந்துபோனார். விபத்து என்றதும் இறந்தவர் எத்தனை பேர், பிழைத்தவர் எத்தனை பேர் என்று கேட்டுவிட்டு நாம் அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். பிழைத்தவர் பட்டியலில் இருந்த ஒரு மனிதரின் வாழ்க்கை மூன்றே ஆண்டுகளில் இப்படி முடிந்தது. இந்த உரையைத் தயாரிக்கும்போது என்னை அதிகம் உலுக்கியது இதுதான்.

ஆனேக்கலில் இதைப் பற்றிப் பேசுவானேன் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நம் தலைக்கு மேலே பேனர் இழுக்கும் விமானம் போய் நம்மில் பெரும்பாலோர் பார்த்ததில்லை. ஆனால் இந்த வட்டாரம் சிறிய விமானங்களுக்குப் புதியதல்ல. ஓசூர் தாண்டினால் பேளகொண்டப்பள்ளி. அங்கே தனேஜா நிறுவனத்தின் ஓடுதளம் இருக்கிறது. இத்தாலிய வடிவமைப்பான பார்ட்டனேவியா பி68 விமானத்தை 1990களில் அங்கேதான் கட்டினார்கள். தேசிய விண்வெளி ஆய்வகமான என்.ஏ.எல். பெங்களூரில் ஹன்சா பயிற்சி விமானத்தை உருவாக்கியது. ராஜ் ஹம்சா நிறுவனத்தின் எக்ஸ்-ஏர் என்ற மிக இலகுவான விமானமும் பெங்களூரில் பிறந்ததுதான். வடக்கே ஜக்கூரில் பயிற்சிப் பள்ளி, எலகங்காவில் விமானப்படைத் தளம், நடுவே எச்.ஏ.எல். ஓசூரில் 2,000 ஏக்கரில் பன்னாட்டு விமான நிலையம் அமையும் என்று தமிழ்நாடு அரசு 2024 ஜூனில் அறிவித்திருக்கிறது. வானம் நெருக்கமாகிக்கொண்டிருக்கும் ஊரில் நாம் குடியிருக்கிறோம். இன்னொரு பக்கம், பேனர் இல்லாமல் பிறந்தநாளும் கிடையாது, மஞ்சள் நீராட்டும் கிடையாது, தேர்தலும் கிடையாது என்று வாழ்கிறவர்கள் நாம். இந்த இரண்டும் ஒருநாள் சந்திக்கும். அதற்கு முன்பே பேசிவிடுவது நல்லது.

பேனரை விமானம் எப்படி எடுக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆபத்து முழுவதும் அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

பேனரை வாலில் கட்டிக்கொண்டு தரையிலிருந்தே ஓடிக் கிளம்பும் முறையும் உண்டு. ஆனால் பரவலாக இருப்பது வேறு முறை. புல்தரையில் இரண்டு கம்பங்களை நடுகிறார்கள். இரண்டுக்கும் நடுவே கயிற்றை வளையமாக மாட்டுகிறார்கள். அந்தக் கயிற்றின் மறுமுனையில் பேனர். ஆள் உயரத் துணி எழுத்துகள் வரிசையாகக் கோக்கப்பட்டுத் தரையில் படுத்திருக்கும். விமானம் பேனர் இல்லாமல் கிளம்பி ஒரு சுற்றுச் சுற்றி வருகிறது. அதன் வாலிலிருந்து ஒரு கயிறும் நுனியில் கொக்கியும் தொங்குகின்றன. கம்பங்களை நோக்கித் தாழ்ந்து, தரையை உரசுவதுபோல் வந்து, கொக்கி வளையத்தைக் கவ்வும் நேரத்தில் விமானி இன்ஜினுக்கு முழு வேகம் கொடுத்து மூக்கைச் செங்குத்தாக உயர்த்துகிறார். எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தரையிலிருந்து உரிந்து எழுகின்றன. மட்டமாக இழுத்தால் பேனர் தரையில் தேய்ந்து கிழிந்துவிடும் என்பதால்தான் அப்படி உயர்த்துகிறார்கள்.

அந்தச் சில நொடிகளில் விமானம் தன்னிடமிருக்கும் வேகத்தையெல்லாம் கொடுத்து உயரம் வாங்குகிறது. மூக்கு மேலே, வேகம் குறைகிறது, பின்னால் பாரம் கூடுகிறது. காற்றை இறக்கை சந்திக்கும் கோணம் ஓர் எல்லையைத் தாண்டினால், அதைத் தூக்கிப் பிடிக்கும் விசை சட்டென்று அறுந்துவிடும். இன்ஜின் முழு வலுவோடு உறுமிக்கொண்டிருந்தாலும் விமானம் விழும். 5,000 அடி உயரத்தில் இப்படி நடந்தால் மூக்கை இறக்கி, வேகத்தைத் திரும்பப் பெற்று மீண்டுவிடலாம். பயிற்சி மாணவர்கள் அதைத்தான் திரும்பத் திரும்பப் பழகுகிறார்கள். 200 அடியில் நடந்தால் மீள்வதற்குக் கீழே இடமில்லை.

பேனரை எடுத்தாகிவிட்டால் நிம்மதியா என்றால், இல்லை. இன்ஜின் அதிக வலுவில் ஓட வேண்டும், ஆனால் வேகம் குறைவு. வேகம் குறைந்தால் இன்ஜின் மேல் படும் காற்றும் குறையும், சூடு ஏறும். திரும்பும்போது விமானம் சாய்கிறது. 45 டிகிரி சாய்ந்தால், விழாமல் இருக்கத் தேவையான குறைந்தபட்ச வேகம் ஏறத்தாழ 19 சதவீதம் கூடுகிறது, 60 டிகிரி என்றால் 41 சதவீதம். ஏற்கெனவே அந்தக் குறைந்தபட்ச வேகத்துக்குக் கொஞ்சம் மேலே ஊர்ந்துகொண்டிருக்கும் விமானத்துக்கு இது பெரிய கடன். கீழே இருக்கிறவர்கள் எழுத்தைப் படிக்க வேண்டும் என்பதற்காகத் தாழப் பறக்கிறார்கள். செஸ்னா 172 போன்ற விமானம் பேனர் இல்லாமல் 500 அடியில் இன்ஜின் நின்றால் தரையைத் தொட முக்கால் நிமிடம்கூட ஆகாது. பேனர் பின்னால் தொங்கினால் இன்னும் சீக்கிரம்.

இதற்கெல்லாம் ஒரே மருந்தாக விமானியின் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பிடி இருக்கிறது. அதை இழுத்தால் கொக்கி திறக்கும், கயிறும் பேனரும் விழுந்துவிடும், விமானம் மறுபடி விமானமாகிவிடும். எது கோளாறானாலும் முதலில் பேனரை விடு, பிறகு மற்றதை யோசி என்பதுதான் இந்தத் தொழிலில் கற்றுக்கொடுக்கும் முதல் பாடம். பேனர் வாலில் சுற்றிக்கொண்டால் இந்தப் பிடியும் உதவாது. ஹின்டன் சொல்லும் கசப்பான உண்மை அதுதான். எடுக்கும்போதே சீராக வராத பேனரை அன்றைக்கு விட்டுவிட்டுத் தரையிறங்கிவிடுவது ஒன்றுதான் அதற்கு வழி.

ஆனால் விடுவது அவ்வளவு சுலபமா? பேனருக்கு ஒரு விலை உண்டு. காசு கொடுத்தவர் கீழே கேமராவோடு காத்திருக்கிறார். இன்று வாக்குப்பதிவு, நாளைக்கு அந்த வாசகத்துக்கு மதிப்பே இல்லை. இந்த நெருக்கடி முழுவதும் அந்தப் பிடியைப் பற்றியிருக்கும் கையின் மேல் வந்து உட்காருகிறது. விபத்து அறிக்கைகளில் காற்று, இன்ஜின், கயிறு எல்லாம் எழுதப்படும். காசு கொடுத்தவரின் அவசரத்துக்கு அங்கே ஒரு கட்டம் கிடையாது.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். பேனர் இழுக்கும் தொழில் செழித்த இடங்களை வரைபடத்தில் பாருங்கள். அமெரிக்காவின் புளோரிடா, நியூ ஜெர்சி, பிரேசிலின் ரியோ. எல்லாம் கடற்கரைகள். கீழே மணல், பக்கத்தில் கடல், பேனரை விட்டால் தண்ணீரில் விழும். கடல் மட்டத்தில் காற்றும் அடர்த்தி. நம்முடைய பீடபூமியோ கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,000 அடி உயரம். ஏப்ரல் மாத நடுப்பகலில் 35 டிகிரி வெயில் அடித்தால், இங்கே காற்றின் அடர்த்தி சுமார் 6,000 அடி உயரத்தில் இருக்க வேண்டிய அளவுக்குக் குறைந்துவிடும். சாதாரண பிஸ்டன் இன்ஜின் அந்தக் காற்றில் தன் வலுவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை இழக்கும். இறக்கைக்கும் பிடிப்புக் குறைவு, புரொப்பெல்லருக்கும் பிடிப்புக் குறைவு. புளோரிடாவில் சர்வ சாதாரணமாக எழும் பேனர் இங்கே அதே விமானத்துக்குத் தாங்காத சுமையாகிவிடலாம். நம் நாட்டில் தேர்தல் பெரும்பாலும் எந்த மாதங்களில் வருகிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கீழே என்ன இருக்கிறது? எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து சந்தாபுரா வரை வீடும் தொழிற்சாலையும் நெருங்கிவிட்டன. உயர் அழுத்த மின்கம்பிகள் குறுக்கும் நெடுக்கும் ஓடுகின்றன. இந்தப் பக்கம் பன்னேர்கட்டா காடு. இன்ஜின் நின்ற விமானத்தை இறக்க ஓர் அரை கிலோமீட்டர் வெற்றுத் தரையை இங்கே தேடிப் பாருங்கள்.

காற்று ஒரு பெரிய பரப்பை என்ன செய்யும் என்பதை நமக்கு வெளியூர்க்காரர் யாரும் சொல்லித்தர வேண்டாம். நம் தாலுகாவிலேயே ஹுஸ்கூர் மத்தூரம்மன் ஜாத்திரையில் நூறடிக்கு மேல் உயர்ந்த தேர்களைக் கயிறு பிடித்துக் கொண்டுவருகிறார்கள். 2024இல் ஒரு தேர் சாய்ந்தது. 2025 மார்ச்சில் காற்றும் மழையும் சேர்ந்து தேர்களைச் சாய்த்தபோது உயிர்கள் போயின. நூறு பேர் கயிறு பிடித்தும் நிற்காத பாரம் அது. பேனரின் இழுவையை வானத்தில் பிடித்திருப்பது ஒரே ஒரு சிறிய இன்ஜின்.

பேனர் விபத்து ஹின்டனோடு நிற்கவில்லை. 2021 அக்டோபர் 2, கனடாவின் மாண்ட்ரியல் நகரம். என்னை மணந்துகொள்வாயா என்று எழுதிய பேனரை ஒரு செஸ்னா 172 இழுத்துக்கொண்டு பறந்தது. மாலையில் விமானம் நகரை ஒட்டிய ஒரு பூங்காவில் விழுந்தது. விமானிக்குக் காயம். உடன் பறந்த பயணி இறந்துவிட்டார். பேனர் இழுக்கப் பயணி எதற்கு? ஹின்டனிலும் இதே கேள்விதான். அந்த வேலைக்கு விமானி ஒருவர் போதும். மற்ற இருக்கையில் அமரும் ஒவ்வொருவரும் விமானத்துக்குக் கூடுதல் எடை, விபத்துக்குக் கூடுதல் உயிர். 2023 மே 17 அன்று புளோரிடாவில் ஹாலிவுட் என்ற நகரில் பேனர் இழுத்துப் போன விமானம் விழுந்து அதன் விமானி இறந்தார். அந்தத் தொழிலை நன்றாக அறிந்த வட்டாரத்திலேயே இப்படி.

நம் பெங்களூர் வட்டாரத்தில் இதற்கு மிக அருகில் வைத்துப் பார்க்க வேண்டியது 2004 ஏப்ரல் 17. அன்று பேனர் இல்லை. ஆனால் சிறிய விமானம் இருந்தது, தேர்தல் இருந்தது, ஏப்ரல் மாத முற்பகல் இருந்தது. ஜக்கூரிலிருந்து கிளம்பிய செஸ்னா 180 சில நிமிடங்களுக்குள் ஜி.கே.வி.கே. வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் விழுந்து எரிந்தது. அதில் இருந்த நால்வரும் இறந்தார்கள். ஒருவர் நடிகை சௌந்தர்யா. கோலார் மாவட்டத்தில் பிறந்த பெண், பொன்னுமணியிலிருந்து படையப்பா வரை நம் வீடுகளில் ஒருத்தியாக இருந்தவர், கன்னடத்தில் துவீபா படத்தைத் தயாரித்துத் தேசிய விருது பெற்றவர். கரீம்நகரில் பிரச்சாரம் செய்யப் போய்க்கொண்டிருந்தார். அவருடைய அண்ணனும் அதே விமானத்தில் இருந்தார். ஒரே வீட்டில் இரண்டு சாவு. அந்தச் செய்தி வந்த பகல் உங்களில் பலருக்கு இன்னும் நினைவிருக்கும்.

அதற்கு இரண்டரை ஆண்டு முன்னால், 2001 செப்டம்பர் 30 அன்று, கான்பூரில் ஒரு பொதுக்கூட்டத்துக்குப் போன மாதவராவ் சிந்தியா மெயின்புரி அருகே விமானம் விழுந்து இறந்தார். 1980 ஜூன் 23 அன்று டெல்லி சப்தர்ஜங் தளத்துக்கு அருகே சாகசப் பறப்பின்போது சஞ்சய் காந்தியும் உடனிருந்தவரும் இறந்தார்கள். அந்தச் சாகசம் தரைக்கு மிக அருகில் நடந்தது.

2009 மார்ச் 6 அன்று பிடதி பக்கம் சேஷகிரிஹள்ளியில் நடந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். என்.ஏ.எல். உருவாக்கிய சாரஸ் விமானத்தின் இரண்டாவது மாதிரி சோதனைப் பறப்பில் இருந்தது. ஓர் இன்ஜினை வேண்டுமென்றே நிறுத்தி, வானத்திலேயே மறுபடி இயக்கிப் பார்க்கும் சோதனை. விமானம் விழுந்தது. விங் கமாண்டர் பிரவீண் கோட்டேகொப்பா, விங் கமாண்டர் தீபேஷ் ஷா, ஸ்குவாட்ரன் லீடர் இளையராஜா ஆகிய மூவரும் வீரமரணம் அடைந்தார்கள். இன்ஜினை மறுபடி இயக்கும் முறை தவறாக வகுக்கப்பட்டிருந்தது, அதைப் போதிய உயரமில்லாத இடத்தில் செய்தார்கள் என்று விசாரணை சொன்னது. தேர்ந்த விமானப்படை வீரர்களுக்கே உயரம் போதாத இடத்தில் தவறு மன்னிக்கப்படவில்லை. விளம்பரத்துக்காகத் தாழப் பறப்பவருக்கு எங்கிருந்து மன்னிப்பு வரும்?

பேனரால் உயிர் போவதும் நமக்குப் புதிதில்லை. 2019 செப்டம்பர் 12 அன்று சென்னை பள்ளிக்கரணையில் ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்த இளம் மென்பொருள் பொறியாளர் மேல், திருமணத்துக்காக வைத்த பேனர் விழுந்தது. நிலைகுலைந்து சாலையில் விழுந்த பெண் மேல் பின்னால் வந்த லாரி ஏறியது. அதன்பிறகு உயர் நீதிமன்றம் கடுமையாகப் பேசியது, கட்சிகள் இனி பேனர் வைக்க வேண்டாம் என்று தொண்டர்களைக் கேட்டுக்கொண்டன. சாலை நடுவே கட்டிய துணி பெற்ற மகளைக் கொண்டுபோன ஒரு நாட்டில், அதே துணியை ஊருக்கு மேலே 500 அடியில் இழுத்துப் போகலாமா என்ற கேள்வியை விமானத்துறை அதிகாரிகளிடம் மட்டும் விட்டுவிட முடியாது. குடியிருக்கிறவர்களும் கேட்க வேண்டும்.

மற்ற ஊர்கள் கேட்டிருக்கின்றன. ஹவாயில் ஹொனலுலு நகரம் வானத்தில் விளம்பரப் பேனர் இழுப்பதையே தடை செய்தது. அதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 2006இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தடை செல்லும் என்றது. அமெரிக்காவில் 30,000 பேருக்கு மேல் அமரக்கூடிய மைதானங்களில் பெரிய ஆட்டம் நடக்கும்போது அதைச் சுற்றி மூன்று கடல் மைலுக்குள், 3,000 அடிக்குக் கீழே பறக்கத் தடை. 2019 உலகக் கோப்பையில் லீட்ஸில் நம் அணி இலங்கையோடு ஆடியபோது மைதானத்துக்கு மேலே அரசியல் வாசகப் பேனர்களோடு விமானம் சுற்றியதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். இந்திய கிரிக்கெட் வாரியம் புகார் செய்தது, அரையிறுதியின்போது ஓல்டு டிராஃபோர்டு வானத்தில் விமானங்களுக்குத் தடை வந்தது. எல்லோரும் வாசகத்தைப் பற்றித்தான் சண்டையிட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் அமர்ந்திருக்கும் இடத்துக்கு மேலே ஒற்றை இன்ஜின் விமானம் பாரம் இழுத்துச் சுற்றியதைப் பற்றி அப்போது அதிகம் பேசப்படவில்லை. எனக்கு அதுதான் பெரிய கவலையாக இருந்தது.

இதை அடியோடு தடை செய்ய வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. கடற்கரையில், ஆளில்லாத நீர்ப்பரப்பின் மேலே, பயிற்சி பெற்ற விமானி ஒருவர் தனியாகச் செய்யும் நேர்மையான தொழில் அது. அதை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் உண்டு. மணிக்கணக்கு சேர்த்துப் பெரிய விமானத்துக்குப் போகத் துடிக்கும் இளம் விமானிகள் பலர் இந்த வேலையில்தான் தொடங்குகிறார்கள். அந்தப் பிள்ளைகளை நினைத்துத்தான் சொல்கிறேன். பெங்களூரின் உயரத்தில், இந்த நெரிசலுக்கு மேலே, கோடை வெயிலில், தேர்தல் அவசரத்தில் பேனர் இழுக்க அனுமதிக்கக் கூடாது. இது என் உறுதியான கருத்து.

நாளைக்கு உங்கள் சங்கத்திலோ, கட்சிக் கூட்டத்திலோ, உங்கள் முதலாளியின் புது அபார்ட்மெண்ட் விளம்பரத்துக்கோ விமானத்தில் பேனர் விடலாம் என்று யாராவது உற்சாகமாகப் பேசினால், அங்கேயே எழுந்து கேளுங்கள். சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் அனுமதி எங்கே? விமானி பேனர் எடுக்கத் தனிப் பயிற்சி பெற்றவரா? பேனரை எந்த இடத்தில் விடலாம் என்று முன்பே குறித்தாயிற்றா? நடுவில் விட்டுவிட்டால் விமானியிடம் பணம் பிடிக்க மாட்டோம் என்று எழுதிக் கொடுக்கத் தயாரா? கடைசிக் கேள்வியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். விமானியின் கை தயங்காமல் அந்தப் பிடியை இழுக்க அந்தக் காகிதம் உதவும்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. எந்தச் சிறிய விமானமாக இருந்தாலும், நம் வயலிலோ ஏரிக்கரையிலோ விழுந்துவிட்டால் உடனே 112ஐ அழையுங்கள். பெட்ரோல் சிந்திக் கிடக்கும், யாரையும் பீடி சிகரெட்டோடு கிட்டே போகவிடாதீர்கள். உயிருள்ளவரைக் காப்பாற்றத் தேவையானதைத் தவிர வேறு எதையும் தொடாதீர்கள், செல்பிக்காகக் கூட்டம் கூட்டாதீர்கள். உடைந்த தகடு, அறுந்த கயிறு, வளைந்த கொக்கி எதையும் நினைவுக்காகக்கூட வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். விபத்து ஏன் நடந்தது என்று கண்டுபிடிக்க வரும் விமான விபத்துப் புலனாய்வுப் பணியகத்துக்கு அந்தத் துண்டுகள் ஒவ்வொன்றும் வேண்டும்.